மழலை வழக்கு – 9: ஒரு மணி ஐந்து நிமிடம்

கதவு சாத்தப்பட்ட இடத்தில் போன வாரம் நிறுத்தினேன். ஒரு வாரம் பொறுத்துவிட்டீர்கள். இனித் தாமதம் வேண்டாம், வாருங்கள்.

மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையில் நிற்கிறோம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரை. விக்டோரியா பாலத்தைக் கடந்தால் வரும் சிறு நகரம், செயின்ட் லாம்பர்ட். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ஊரின் பெயரும் நம் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டின் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல். ஊருக்கும் அவருக்கும் உறவில்லை. இனிமேல்தான் உறவு வரப்போகிறது!

ஊரில் ஆங்கிலம் பேசும் குடும்பங்களும் உண்டு, பிரெஞ்சு பேசும் குடும்பங்களும் உண்டு. ஒரே தெருவில் குடியிருப்பார்கள். ஒரே பனியை வாசலிலிருந்து அள்ளிப் போடுவார்கள். காலை மணி அடித்ததும் பிள்ளைகள் மட்டும் இரண்டு பக்கமாகப் பிரிந்து போவார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் புராட்டஸ்டன்ட் பள்ளிக்கு. பிரெஞ்சுப் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிக்கு. கியூபெக்கின் கல்வி அப்படித்தான் மதத்தால் வகுந்து வைக்கப்பட்டிருந்தது. மதத்தோடு மொழியும் பிரிந்தது.

1963 அக்டோபரில் பன்னிரண்டு பெற்றோர் கூடிப் பேசியதைப் பார்த்தோம். அவர்களில் மூன்று பெயர்களை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஓல்கா மெலிகாஃப். முரியல் பார்க்ஸ். வாலெரி நீல். மூவரும் அம்மாக்கள்.

அவர்கள் பள்ளி வாரியத்திடம் கேட்டது ஒரே ஒரு வகுப்பு. அதுவும் ஆங்கிலப் பள்ளிக்குள்ளேயே. ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஐந்து வயதுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஆசிரியை முதல் நாள் முதல் நிமிடத்திலிருந்து பிரெஞ்சில் மட்டுமே பேசுவார். பாட்டு, கதை, படம் வரைவது, பிறகு எழுத்து, கணக்கு, எல்லாம் பிரெஞ்சில்.

வாரியம் சொன்ன பதிலை அறிவீர்கள்.

முடியாது.

அங்கேதான் நிறுத்தினேன்.

அந்த அம்மாக்களுக்கு இந்த வகுப்பின் மேல் ஏன் இவ்வளவு பிடிவாதம்? கொள்கை, தேச ஒற்றுமை என்றெல்லாம் பெரிய வார்த்தைகள் தேட வேண்டாம். அடியில் இருந்தது ஒரு வெட்கம்.

ஆங்கிலம் பேசும் அந்தத் தலைமுறையினர் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு படித்தவர்கள். தினமும் ஒரு சிறு பாடவேளை. வினைச்சொல் அட்டவணைகளை நெட்டுருப் போட்டவர்கள். பரீட்சையில் தேறியவர்கள். கற்றுக்கொடுத்த ஆசிரியர்களில் பலரே பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இல்லை. விளைவு? பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?” என்று கேட்டால், வாயில் ஒன்றும் வராது. புன்னகை மட்டும் வரும்.

நமக்கு நேர்ந்தது நம் பிள்ளைக்கு நேரக்கூடாது. அவ்வளவுதான்.

கூடவே ஒரு நடைமுறைக் கணக்கும் இருந்தது. கியூபெக் மாறிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் பெரும்பான்மை தன் வீட்டில் தானே எஜமானாக வேண்டும் என்று குரல் உயர்த்திய காலம். 1963 வசந்தத்தில் மாண்ட்ரியலின் ஆங்கிலப் பகுதியான வெஸ்ட்மவுண்டில் தபால் பெட்டிகளில் குண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. பலருக்குப் பயம். சிலர் மூட்டை கட்டலாமா என்று யோசித்தார்கள். இந்த அம்மாக்கள் யோசித்தது வேறு: நம் பிள்ளைகள் இங்கேயேதான் வாழப்போகிறார்கள் என்றால், இங்கே பேசப்படும் மொழி அவர்கள் வாயில் இருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. பிறகு வாரியம் ஏன் மறுத்தது?

இங்கே வாரியத்தாரை வில்லன்களாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். உண்மை அப்படி இல்லை. அவர்கள் பயந்தவர்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தை நாம் இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களிலேயே பார்த்துவிட்டோம்.

வேல்ஸ் நினைவிருக்கிறதா? 1923இல் சேர் என்பவர் சுமார் 1,400 பிள்ளைகளை அளந்து, கிராமத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்று எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1926இல், அமெரிக்காவில் புளோரன்ஸ் குடினஃப் ஒரு படி மேலே போனார். குடியேறிகளின் வீட்டில் அயல்மொழி பேசுவதே பிள்ளைகளின் அறிவு மந்தமாவதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்றார். ஏழைப் பிள்ளையையும் வசதியான வீட்டுப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்திய அளவுகள் அவை. தேர்வு எந்த மொழியில் நடந்தது, பிள்ளைக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும் என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாக ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதையே நம்பி வந்தார்கள். ‘சின்னப் பிள்ளைக்கு இரண்டு மொழி கொடுக்காதே, குழம்பிவிடும்.’

வாரிய உறுப்பினராக உங்களை நினைத்துப் பாருங்கள். ஊரார் பிள்ளைகள். ஐந்து வயது. சோதனை தோற்றுப்போனால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வகுப்பே உங்கள் கையில் இருக்கும். தெருவில் எதிர்ப்படும் தகப்பனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

நானாக இருந்தாலும் ‘முடியாது’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அம்மாக்கள் வீட்டுக்குப் போய் உட்காரவில்லை. பாலத்தைக் கடந்தார்கள். ஆதாரம் தேடி மாண்ட்ரியல் போனார்கள்.

அவர்கள் தேடிப் பிடித்த முதல் ஆள் வைல்டர் பென்ஃபீல்ட். மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை நிறுவிய மூளை அறுவை நிபுணர். வயது எழுபதைக் கடந்துவிட்டது. நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து, மின்முனையால் மூளையைத் தொட்டுத் தொட்டு, பேச்சு எங்கே குடியிருக்கிறது என்று வரைபடம் போட்டவர். மூளையின் இடது பக்கம் அடிபட்ட சிறு குழந்தை மறுபடி பேசக் கற்றுக்கொள்வதையும், பெரியவர்கள் அதே அடிபட்டால் திணறுவதையும் நேரில் பார்த்தவர். மொழி கற்பதற்கு மூளையில் ஒரு பருவம் உண்டு, அந்தப் பருவத்தைப் பள்ளிகள் வீணடிக்கின்றன என்று 1950களிலிருந்தே பேசி வந்தார். சொந்தப் பிள்ளைகளுக்கே சிறுவயதில் அயல்மொழி கேட்கும் ஏற்பாடு செய்தவர்.

இரண்டாவது ஆள்தான் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்.

இவரை நமக்குத் தெரியும். ஒரே ஆள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்த ஒலிநாடாவைப் போட்டுக் காட்டி, இருவேறு ஆட்கள் என்று கேட்பவர்களை நம்பவைத்தவர். ஆங்கிலக் குரல்காரர் அறிவாளி, நம்பத் தகுந்தவர் என்று கேட்டவர்கள் மதிப்பெண் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களே கூடத் தங்கள் மொழிக் குரலைத் தாழ்த்தினார்கள்! அந்த முடிவு லாம்பர்ட்டை உலுக்கியது. இரண்டு சமூகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்துகொண்டே ஒருவரையொருவர் அறியாமல் கிடப்பதை எண்களில் பார்த்தவர் அவர்.

பிறகு 1962. எலிசபெத் பீலும் அவரும் சேர்ந்து செய்த ஆய்வு. மாண்ட்ரியலின் பிரெஞ்சுப் பள்ளிகளில் பத்து வயதுப் பிள்ளைகள். சலித்து எடுத்ததில் 164 பேர். இரண்டு மொழியும் சமமாக வருபவர்கள் 89, ஒரு மொழி மட்டும் அறிந்தவர்கள் 75. குடும்ப வசதியைச் சமன்செய்து, ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் சொல் சார்ந்த தேர்வுகளில் பின்தங்குவார்கள் என்றுதான் ஆய்வாளர்களே எதிர்பார்த்தார்கள்.

நடந்தது தலைகீழ். பெரும்பாலான தேர்வுகளில் இருமொழிப் பிள்ளைகள் முந்தினார்கள்.

நாற்பதாண்டு நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது.

அப்படியானால் அம்மாக்களுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதே? நேராக வாரியத்தின் மேசையில் வைக்க வேண்டியதுதானே?

அவசரப்படாதீர்கள். அந்த ஆய்வில் ஓர் ஓட்டை இருந்தது. அது லாம்பர்ட்டுக்கும் தெரியும்.

இரண்டு மொழியும் நன்றாக வருகிற பிள்ளைகளாகப் பார்த்துத்தானே அவர் பொறுக்கினார்? இரண்டு மொழி கற்றதால் அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களானார்களா, கெட்டிக்காரர்களாக இருந்ததால் இரண்டு மொழி கற்றார்களா? எது முந்தியது?

பத்து வயதில் அளந்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு மொழி மட்டும் அறிந்த சாதாரணப் பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். அளக்க வேண்டும். இரண்டாவது மொழியைக் கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் அளந்துகொண்டே போக வேண்டும். அதற்கு ஒரு பள்ளி வேண்டும். ஒரு வாரியத்தின் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் பிள்ளைகளை ஒப்படைக்கத் துணிந்த பெற்றோர் வேண்டும்.

எந்தப் பேராசிரியர் போய், ‘உங்கள் குழந்தையைக் கொஞ்சம் கொடுங்கள், ஒரு சோதனை இருக்கிறது’ என்று கேட்க முடியும்?

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அம்மாக்கள் அவர் கதவைத் தட்டினார்கள்.

அவர்களுக்கு ஓர் அறிஞரின் வாக்கு தேவைப்பட்டது. அவருக்கு ஒரு வகுப்பறை தேவைப்பட்டது. இரண்டு தேவைகள் சந்தித்த இடத்தில்தான் வரலாறு நகர்ந்தது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரை தானாக நடந்து ஊருக்குள் வந்துவிடாது. பீலும் லாம்பர்ட்டும் எழுதிய கட்டுரை வெளிவந்தது உளவியலாளர்கள் படிக்கும் இதழில். எந்த அம்மா அதைக் காசு கொடுத்து வாங்கப் போகிறாள்? யாராவது அதைத் தூக்கி வர வேண்டும். பிரித்துச் சொல்ல வேண்டும். எதிர்க்கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும். செயின்ட் லாம்பர்ட்டில் அந்த வேலையைச் செய்தவர்கள் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பெண்கள்.

இரண்டு ஆண்டுகள் விடாமல் செய்தார்கள்.

வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். பதில் வராவிட்டால் இன்னொன்று எழுதினார்கள். கூட்டம் கூட்டினார்கள். பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குத் தாங்களே பிரெஞ்சு வகுப்புகள் நடத்திக் காட்டினார்கள். பத்திரிகைகளைத் தேடிப் போய்ச் செய்தி கொடுத்தார்கள். பென்ஃபீல்டின் ஆதரவையும் லாம்பர்ட்டின் ஆதரவையும் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகப் பேசினார்கள்.

‘எங்கிருந்து வந்தது உங்களுக்கு இந்தப் பைத்தியம்?’ என்று கேட்டவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

கடைசியில், 1965.

வாரியம் இறங்கி வந்தது.

மனம் மாறியா? அதுதான் இல்லை. இந்தத் திட்டத்தின் மேல் வாரியத்துக்கு அப்போதும் நம்பிக்கை பிறக்கவில்லை. இந்தப் பெற்றோரோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். சரி, ஒரே ஒரு பாலர் வகுப்பு. சோதனை முறையில். சரிவரவில்லை என்றால் எங்களைக் குறை சொல்லாதீர்கள் என்பதுதான் தொனி.

யோசித்துப் பாருங்கள். இது வெற்றியா, பொறியா?

இதுவரை அம்மாக்களின் குரல் மட்டும்தான் கேட்டது. கூட்டத்தில் கைதட்டுவது வேறு, சொந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுப்பது வேறு. மூன்று அம்மாக்கள் சத்தம் போடுகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர் இருக்கிறதா? வாரியத்தில் சிலர் மனசுக்குள் இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் ஆச்சரியமில்லை: ‘பதிவைத் திறந்துவிடுவோம். பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். தானாகவே அடங்கிவிடும்.’

விளம்பரம் செய்யும் பொறுப்பையும் அம்மாக்களே சுமந்தார்கள். கடையில் அட்டை வாங்கி, வீட்டு மேசையில் விரித்து, கையால் எழுதி வரைந்த சுவரொட்டிகள். தாங்களே ஏற்பாடு செய்த பத்திரிகைச் செய்திகள். அவ்வளவுதான் மூலதனம்.

வசந்த காலத்தில் ஒரு நாள் குறிக்கப்பட்டது.

பதிவு மதியம் ஒரு மணிக்கு.

இடங்கள் இருபத்தாறு.

அந்த நாளுக்கு முந்தைய இரவை நினைத்துப் பாருங்கள். செயின்ட் லாம்பர்ட்டின் எத்தனையோ வீடுகளில் பிள்ளை தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். ஆசிரியை சொல்வது புரியாமல் குழந்தை அழுதால்? ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலம் எழுதத் தெரியாமல் நின்றால்? தாத்தா பாட்டி என்ன சொல்வார்கள்? நடுவில் வாரியம் வகுப்பை மூடிவிட்டால், ஒன்றிலும் சேராமல் பிள்ளை அந்தரத்தில் நிற்காதா? இந்த மாதிரி ஒரு வகுப்பை அவர்கள் ஊரில் யாரும் நடத்திப் பார்த்ததில்லை. ‘பக்கத்து ஊரில் நன்றாகப் போகிறது’ என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் கிடையாது.

மெலிகாஃப், பார்க்ஸ், நீல் மூவருக்கும் அது வேறு விதமான இரவாக இருந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு உழைப்பு. நாளை மதியம் அறை காலியாக இருந்தால், இனி எந்த முகத்தோடு வாரியத்தின் முன் போவது?

மதியம் வந்தது.

ஒரு மணி.

பதிவு திறந்தது.

முதல் பெயர். அடுத்த பெயர். அடுத்தது. அடுத்தது.

பந்திக்கு முந்துவதுபோல முந்தினார்கள் பெற்றோர்.

ஒரு மணி ஐந்து.

பதிவு முடிந்துவிட்டது! இருபத்தாறு இடங்களும் நிறைந்துவிட்டன.

ஐந்தே நிமிடம். இரண்டு ஆண்டுகளாக ‘யார் கேட்டார்கள் இதை?’ என்று நின்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. பத்து நிமிடம் தாமதமாக வந்த பெற்றோருக்கு இடமில்லை. பத்துப் பேராவது வருவார்களா என்ற கவலை மாறி, வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்ற கவலை வந்தது.

இந்தத் தொடரில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களைப் பார்த்துவிட்டோம். எத்தனையோ அட்டவணைகள். என்னைக் கேட்டால், குழந்தைகளின் இருமொழி வரலாற்றில் இந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடான நிமிடங்கள் குறைவு. அறிஞர்கள் ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில் சாதாரணப் பெற்றோர் இருபத்தாறு குடும்பமாக வந்து, தங்களிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்ததை வைத்துவிட்டார்கள். லாம்பர்ட் கேட்க முடியாததை, கேட்காமலே கொடுத்துவிட்டார்கள்.

இனி அவர் முறை.

செப்டம்பர் 1965. செயின்ட் லாம்பர்ட்டின் மார்கரெட் பெண்டில்பரி பள்ளி. பாலர் வகுப்பின் கதவு திறக்கிறது.

உள்ளே ஆசிரியை பிரெஞ்சில் வரவேற்கிறார். பிள்ளைகள் முழிக்கிறார்கள். கையைக் காட்டுகிறார், சிரிக்கிறார், கோட்டைத் தன் தோளிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிக் காட்டுகிறார். ஒரு குழந்தைக்குப் புரிகிறது. அதைப் பார்த்து மற்றதும் மாட்டுகிறது. பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறார்கள், தங்களுக்குள்ளும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். யாரும் அதட்டவில்லை. ஆங்கிலத்தில் சொன்னது ஆசிரியைக்குப் புரியும். பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். முதல் ஆண்டின் விதி அதுதான்: கேட்கட்டும், பாடட்டும், விளையாடட்டும். வாய் தானாகத் திறக்கும்போது திறக்கட்டும்.

வீட்டிலோ வேறு கதை. மாலையில் திரும்பிய பிள்ளையிடம், “இன்றைக்கு என்ன பிரெஞ்சு கற்றுக்கொண்டாய், சொல்லு பார்ப்போம்” என்று அப்பா கேட்டால், பிள்ளை உதட்டைப் பிதுக்கிவிட்டு விளையாட ஓடிவிடும். மாதங்கள் போகின்றன. பிள்ளை வாயில் வாக்கியம் வரக் காணோம்.

ஊர் கவனித்துக்கொண்டிருந்தது. ‘பார்த்தீர்களா?’ என்று சொல்லக் காத்திருந்தவர்களும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வகுப்பறையில் ஆசிரியை பார்த்தது வேறு. அவர் சொன்னால் பிள்ளைகள் செய்கிறார்கள். கதை சொன்னால் சரியான இடத்தில் சிரிக்கிறார்கள். காது திறந்துவிட்டது. நாக்குக்குத்தான் இன்னும் நேரம் வேண்டும்.

1966. முதல் அணி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது. அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது அணி பாலர் வகுப்புக்குள் வருகிறது.

ஆபத்தான ஆண்டு இதுதான்.

ஏனென்றால் இப்போது எழுத்து வருகிறது. ஆங்கிலப் பிள்ளைகள் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படிக்கப்போவது பிரெஞ்சில். ஆங்கில வாசிப்பு அந்த ஆண்டு பாடத்திட்டத்திலேயே இல்லை. பெற்றோருக்கு இன்னொரு வேண்டுகோளும் போனது: வீட்டிலும் ஆங்கிலம் படிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

எவ்வளவு கடினமான வேண்டுகோள், பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே வயதில் கதைப்புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுகிறது. தன் பிள்ளை அந்தப் பக்கத்தையே புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. கை நீட்டி ஓர் எழுத்தைக் காட்டிக்கொடுத்தால் போதும். கொடுக்கக்கூடாது. அம்மாவின் பொறுமைக்கு அதைவிடப் பெரிய பரீட்சை உண்டா?

லாம்பர்ட்டின் கையில் அளவுகோல்கள் தயாராக இருந்தன. இந்த முறை ஓட்டை இருக்கக்கூடாது. இந்த வகுப்பை ஒத்த பிள்ளைகள் வேறு பள்ளி வகுப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் ஆங்கிலப் பிள்ளைகள் ஒரு பக்கம். பிரெஞ்சில் படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகள் மறுபக்கம். அறிவுத் தேர்வு மதிப்பெண், குடும்ப வசதி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சமன்செய்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அளவு, முடிவில் ஓர் அளவு. ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, பொது அறிவுத்திறன், எதையும் விடவில்லை.

பெற்றோர் பக்கம் நின்று ஆதரவு சொன்ன அதே மனிதர்தான் இப்போது தராசைப் பிடித்திருக்கிறார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான். முடிவு பாதகமாக வந்தால் மறைக்க முடியாது. அம்மாக்களுக்கும் அது தெரியும். தெரிந்தே ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்துக் கடல் கடந்து ஒரு புத்தகம் வந்தது.

1966இல் வெளியானது. எழுதியவர் ஜான் மக்னமாரா. அயர்லாந்துக்காரர். வீட்டில் ஆங்கிலம் பேசும் அயர்லாந்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஐரிஷ் மொழியில் பாடம் நடத்தினால் என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தவர். அதாவது, செயின்ட் லாம்பர்ட்டில் நடப்பதற்கு ஏறத்தாழ ஒப்பான ஏற்பாடு. ஒரு நாடே பல ஆண்டுகளாக நடத்திப் பார்த்த ஏற்பாடு.

அவர் கண்ட முடிவு? வார்த்தைகளில் அமைந்த கணக்குகளில் அந்தப் பிள்ளைகள் கிட்டத்தட்ட பதினொரு மாதம் பின்தங்கியிருந்தார்கள்.

பதினொரு மாதம்! ஒரு பள்ளி ஆண்டையே தொலைத்ததற்குச் சமம்.

வேல்ஸ் ஆய்வைப் பழைய கதை என்று தள்ளிவிடலாம். இதை அப்படித் தள்ள முடியாது. புதிய ஆய்வு. கவனமான ஆய்வு. அதைவிட வேடிக்கை, அந்த மக்னமாராவே மெக்கில்லுக்கு வந்து சேர்கிறார். லாம்பர்ட்டோடு சேர்ந்து செயின்ட் லாம்பர்ட் பிள்ளைகளை ஆராயவும் போகிறார். அந்தக் கூட்டு எப்படி அமைந்தது என்பது பிறகு.

1967 வசந்தம். ஒன்றாம் வகுப்பு முடியப்போகிறது. பிள்ளைகள் முன் தேர்வுத்தாள்கள் வைக்கப்படுகின்றன.

ஆங்கிலத்திலும் வைத்தார்கள். ஒரு நாள்கூடப் பள்ளியில் ஆங்கிலம் படித்திராத பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புத் தேர்வு!

மதிப்பெண்கள் கூட்டப்பட்டன. ஆங்கில வகுப்புப் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பின்தங்கியிருந்தார்கள்.

ஆங்கிலச் சொற்களைப் படித்து அறிவதில் பின்தங்கல். ஆங்கில வாசிப்பில் பின்தங்கல். சந்தேகத்துக்கே இடமில்லாத பின்தங்கல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நிமிடத்தில் பெயர் கொடுத்த அந்த இருபத்தாறு குடும்பங்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது? மெலிகாஃப் என்ன சொல்லிச் சமாளிப்பார்? ‘அப்போதே சொன்னோமே’ என்று வாரியம் வகுப்பைப் பூட்டிவிடுமா? இரண்டாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கப்போகிறது, அதுவும் தினமும் சிறிது நேரம் மட்டுமே. அதுவரை பெற்றோர் பொறுப்பார்களா, இல்லை பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆங்கில வகுப்புக்கே போய்விடுவார்களா?

பொறுங்கள். லாம்பர்ட்டின் தாள்கட்டுக்குள் இன்னொரு தேர்வின் முடிவும் இருக்கிறது. அயர்லாந்துக்காரர் எச்சரித்தாரே, அந்தப் பாடம்.

கணக்கு.

அதில் இந்தப் பிள்ளைகள் எங்கே நின்றார்கள்?

அடுத்த வாரம்!